சர்க்கரை நோய்க்கு மூலிகை: எங்கே தொடங்குவது, எப்படிச் சோதிப்பது

சுகர் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டுக்கு யோசனைகளும் வர ஆரம்பித்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா வெந்தயம் என்பார், சித்தப்பா நாவல்கொட்டைப் பொடி என்பார், அலுவலக நண்பர் ஆவாரம்பூ டீ பாக்கெட்டைக் கையிலேயே கொடுத்துவிடுவார். எல்லாமே அக்கறையில் சொல்வதுதான். நாமும் பயத்தில் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்துவிடுகிறோம். அப்புறம் சுகர் குறைந்தால் எதனால் குறைந்தது என்று தெரியாது, வயிறு கெட்டால் எதனால் கெட்டது என்றும் தெரியாது.

2023ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். இத்தனை பேர் வீட்டிலும் ஏதோ ஒரு பொடியோ கஷாயமோ ஓடிக்கொண்டிருக்கும். அதை முறையாகச் செய்ய ஒரு வழி வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். இப்போதுதான் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்துகொண்டவர்களும், நோய்க்கு முந்தைய எல்லையில் நிற்பவர்களும் இதில் சொல்லும் வரிசையில் போகலாம்.

சிலர் இதைச் சொந்தமாக முயலவே வேண்டாம். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், சிறுநீரகமோ கல்லீரலோ பாதிக்கப்பட்டவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள். முதல் வகைக்காரருக்கு இன்சுலின் உயிர்காக்கும் மருந்து. ‘செடி சாப்பிடுகிறேன்’ என்று அதை ஓரிரு நாள் நிறுத்தினாலே ரத்தத்தில் அமிலம் ஏறி ஐசியூவில் கொண்டுபோய்விடும். இதில் சமரசமே கிடையாது.

முதல் வேலை: எண்களை எழுதி வையுங்கள்

செடியைத் தேடும் முன் ஒரு நோட்டு எடுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தது, எச்பிஏ1சி எனும் மூன்று மாதச் சராசரி, இந்த மூன்றையும் தேதியோடு முதல் பக்கத்தில் எழுதுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சோதனை, இவையும் வேண்டும். மூலிகை ஆரம்பித்த பிறகு கல்லீரல் அளவு ஏறியிருந்தால், அது முன்பே இருந்ததா இப்போது வந்ததா என்று சொல்ல ஆதாரம் இந்தப் பக்கம்தான்.

எல்லைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இயல்பு, 100 முதல் 125 வரை முன்நிலை, 126ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரியில் 5.7க்குக் கீழே இயல்பு, 6.5ம் அதற்கு மேலும் நோய், இடைப்பட்டது முன்நிலை. ரத்தசோகை இருந்தால் இந்தச் சராசரி தவறாகக் காட்டலாம் என்பதால் ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்த பக்கத்தில் நீங்கள் போடும் மாத்திரைகளின் பெயரையும் அளவையும் எழுதுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது அரிது. கிளிமெபிரைட், கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவருக்குத் தாழும். அதன் மேல் ஒரு மூலிகையும் சேரும்போது ஆபத்து கூடும். உங்கள் சீட்டில் இந்தப் பெயர்கள் இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

பலர் மூலிகையை மாத்திரைக்கு எதிர்க்கட்சியாகப் பார்க்கிறார்கள். ‘இங்கிலீஷ் மருந்து கெமிக்கல், இது இயற்கை’ என்ற பேச்சு. மெட்ஃபார்மின் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது. ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு, ஊதா நிறத்தில் கொத்தாகப் பூக்கும். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் போவது போன்ற தொல்லைகளுக்கு அங்கே நாட்டு வைத்தியத்தில் அதைக் கொடுத்து வந்தார்கள். அதிலிருந்த கலிஜின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது. அதே குடும்பத்து வேதிப்பொருளாக 1922ல் ஆய்வுக்கூடத்தில் உருவானதுதான் மெட்ஃபார்மின். 1957ல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார். இப்போது பலருக்கும் எழுதித் தரும் டாபாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைக்கு மூதாதை, 1835ல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃப்ளோரிசின்.

ஆகவே செடிக்குள் மருந்து இருக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். மாத்திரைக்கும் செடிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அளவு. 500 மில்லிகிராம் என்று அட்டையில் போட்டிருந்தால் ஒவ்வொரு மாத்திரையிலும் அது இருக்கும். செடியில் அப்படியில்லை. மண், மழை, இலையின் வயது, காயவைத்த விதம், கடையில் கிடந்த மாதங்கள் என்று எல்லாம் சேர்ந்து அதன் வீரியத்தை மாற்றும். அந்த அளவு தெரியாத குறையைத்தான் நாம் குளுக்கோமீட்டரை வைத்து ஈடுகட்டப்போகிறோம்.

மாத்திரை ஓடட்டும். மூலிகை அதன் கூட வரட்டும். மூன்று மாதம் கழித்து எண்கள் நன்றாக இருந்தால் மாத்திரையைக் குறைப்பதா என்று டாக்டர் முடிவு செய்யட்டும். மாத்திரை வாங்கக் காசில்லை என்பதற்காகச் செடிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இந்த மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

டாக்டரிடம் மூலிகை பற்றிச் சொல்லத் தயங்குகிறவர்கள் அதிகம், திட்டுவார் என்ற பயம். ‘டாக்டர், காலையும் இரவும் இவ்வளவு வெந்தயம் சாப்பாட்டில் சேர்க்கப்போகிறேன், சுகர் எழுதிக்கொண்டு வருகிறேன்’ என்று அளவோடு சொல்லிப் பாருங்கள். அளவோடு பேசுகிறவரைப் பெரும்பாலான டாக்டர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

அடுப்படியிலிருந்து தொடங்குங்கள்: வெந்தயம்

என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது வெந்தயம்தான். ஓரளவு நல்ல மனித ஆய்வுகள் இதற்கு உண்டு, விலை மலிவு, போலி குறைவு, தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்த பொருள்.

ஆனால் நம் வீடுகளில் அதைச் சாப்பிடும் முறையில் ஒரு கோளாறு இருக்கிறது. காலையில் எழுந்ததும் ஒரு ஸ்பூன் வெந்தயத்தை முழுசாக வாயில் போட்டுத் தண்ணீர் விட்டு விழுங்குவார்கள். அப்புறம் இரண்டு மணி நேரம் கழித்து ஐந்து இட்லி. அப்படி விழுங்கிய வெந்தயத்தில் ஒரு பங்கு செரிக்காமலே வெளியே போய்விடலாம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் 1980களிலும் 90களிலும் வெந்தயத்தை வைத்துத் தொடர்ந்து ஆய்வுகள் நடந்தன. அங்கே கொடுத்தது ஒரு நாளைக்கு 25 கிராமிலிருந்து 100 கிராம் வரை, அதுவும் பொடியாக்கி, சாப்பாட்டோடு சேர்த்து. ஒரு டீஸ்பூன் என்பது நான்கைந்து கிராம்தான்.

சாப்பாட்டோடு என்பதுதான் இங்கே முக்கியம். வெந்தயத்தை ஊறவைத்துப் பிசைந்தால் விரலில் ஒட்டும் கொழகொழப்பு வரும், பார்த்திருப்பீர்கள். அந்த நார்ச்சத்துதான் வேலையைச் செய்கிறது. குடலில் சோற்றோடு கலந்து, மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. குடலில் சோறு இல்லாத நேரத்தில் அது இருந்து பெரிய பயனில்லை.

எனவே இப்படிச் செய்யுங்கள். இரவு ஒரு டீஸ்பூன் வெந்தயத்தை அரை டம்ளர் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலைச் சாப்பாட்டில் உட்காரும்போது, முதல் வாய்க்கு முன்பு அந்த வெந்தயத்தை நன்றாக மென்று சாப்பிட்டு, ஊறிய தண்ணீரையும் குடித்துவிடுங்கள். கசப்பு தாங்கவில்லை என்றால் அரைத்து மோரில் கலந்துகொள்ளலாம். முளைகட்டினால் கசப்பு நன்றாகவே குறையும். முதல் வாரம் ஒரு வேளை மட்டும். வயிறு ஏற்றுக்கொண்டால் இரண்டாவது வாரம் இரவுச் சாப்பாட்டுக்கும் ஒரு டீஸ்பூன். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் விழுங்குவதை விடச் சமையலில் சேர்ப்பது எளிது. சப்பாத்தி மாவில் வெந்தயப்பொடி, தோசை மாவுக்கு அரைக்கும்போது வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு கைப்பிடி, குழம்பில் ஊறிய வெந்தயம், பருப்பில் வெந்தயக்கீரை. வெந்தயக் களி மட்டும் வேறு கணக்கு, அதில் சேரும் அரிசியும் கருப்பட்டியும் நம் நோக்கத்தையே கெடுத்துவிடும்.

ஆரம்பத்தில் வயிறு உப்புசம், வாயு, பேதி வரலாம். ஒரேயடியாக 25 கிராமுக்குத் தாவினால் கட்டாயம் வரும். வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதோடு சேர்த்து வெந்தயம் சாப்பிடாதீர்கள், மாத்திரை சரியாக உடம்பில் சேராது. கர்ப்பிணிகளுக்கு அஞ்சறைப் பெட்டி அளவு போதும், மருந்து அளவு வேண்டாம்.

வெந்தயத்துக்குப் பக்கத்தில் நான் வைப்பது கோவைக்காய். வேலியில் தானாகப் படர்ந்து கிடப்பதால் நாம் அதை மதிப்பதில்லை. பெங்களூரில் புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட 60 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 90 நாள் கோவையின் சாறுபொருளை நாளுக்கு ஒரு கிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008ல் வெளியானது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சாப்பிட்ட பின் சர்க்கரையும் சுமார் 16, 18 சதவீதம் குறைந்தன. இலங்கையில் கோவை இலையைப் பொடியாக நறுக்கி, தேங்காய்த் துருவலும் உப்பும் கலந்து சோற்றோடு சாப்பிடுவார்கள். அதே முறையில் 20 கிராம் இலையை ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்து அங்கே சோதித்தபோதும் குளுக்கோஸ் ஏறும் அளவு குறைந்தது. வாரத்தில் மூன்று நாள் கோவைக்காய் பொரியல் என்பது யாருக்கும் சிரமமில்லாத காரியம், எண்ணெய் மட்டும் கவனம்.

தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று கரண்டி சோறு போட்டுக்கொண்டு ஓரத்தில் இரண்டு ஸ்பூன் பொரியல் வைத்தால் எந்த மூலிகையாலும் அந்தச் சர்க்கரையைப் பிடிக்க முடியாது. தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்போ கொள்ளோ சுண்டலோ மீனோ முட்டையோ, கால் பங்கு சோறு. இதுதான் இந்தக் கட்டுரையிலேயே பெரிய மருந்து.

பாகற்காய்: பொரியலா, ஜூஸா?

பொரியல். பாகற்காயில் சர்க்கரையைக் குறைக்கும் பொருட்கள் இருக்கின்றன. ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் முன்னும் பின்னுமாகவே இருக்கின்றன. தாய்லாந்தில் மெட்ஃபார்மினோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, நாளுக்கு 2 கிராம் பாகற்காய்ப் பொடி ஓரளவு குறைத்தது, மெட்ஃபார்மின் அளவுக்கு இல்லை. காயாகச் சாப்பிடுவதில் நாரும் கிடைக்கும், வயிறும் நிறையும். வெறும் வயிற்றில் ஜூஸ் குடித்தால் பலருக்கு வயிற்றுவலியும் பேதியும் வரும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் விதையை ஒதுக்க வேண்டும், கர்ப்பிணிகள் ஜூஸைத் தொடவே கூடாது.

பூங்கா வாசல்களில் நடைப்பயிற்சிக்காரர்களுக்கு விற்கும் கலவை ஜூஸைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சுரைக்காயும் பாகற்காயும் சேர்த்து அடித்துத் தருவார்கள். சுரைக்காய் சில சமயம் கசக்கும், அந்தக் கசப்பு குகர்பிட்டசின் என்ற நஞ்சின் அடையாளம். வட இந்தியாவில் கசந்த சுரைக்காய் ஜூஸ் குடித்து ரத்தவாந்தி எடுத்து இறந்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு ஐசிஎம்ஆர் நியமித்த நிபுணர் குழு, கசக்கும் சுரைக்காய் ஜூஸைக் குடிக்கவே கூடாது, வேறு ஜூஸோடு கலக்கவும் கூடாது என்று சொன்னது. பாகற்காயோடு கலந்துவிட்டால் எந்தக் கசப்பு எதனுடையது என்று நாக்குக்குத் தெரியாது. வீட்டில் சுரைக்காய் நறுக்கும்போது ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் முழுக்காயையும் குப்பையில் போட்டுவிடுங்கள்.

மீட்டரை வைத்துச் சோதிக்கும் முறை

அடுத்த மூலிகைக்குப் போகும் முன் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு குளுக்கோமீட்டரும் ஒரு டப்பா ஸ்ட்ரிப்பும் வேண்டும். ஸ்ட்ரிப் விலைதான் அதிகம், அதனால் மீட்டர் வாங்கும்போதே ஸ்ட்ரிப் விலையைக் கேட்டு வாங்குங்கள்.

கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். மாம்பழம் தொட்ட விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே இறுக மூடி வையுங்கள், ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும்.

இப்போது சோதனை. தினமும் ஒரே மாதிரிச் சாப்பிடும் வேளையைத் தேர்ந்தெடுங்கள், காலை வேளை வசதி. மூன்று இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று நாள் மூலிகை எதுவும் இல்லாமல், சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை பார்த்து எழுதுங்கள். அடுத்த வாரம் அதே மூன்று இட்லி, அதே சாம்பார், கூட வெந்தயம். மறுபடி மூன்று நாள். காலை நடை உண்டென்றால் ஆறு நாளும் ஒரே மாதிரி நடக்க வேண்டும், மாத்திரை நேரமும் மாறக்கூடாது. இரண்டு எண்களுக்கும் இடையே எத்தனை ஏறியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். முன்பு 70 ஏறியது இப்போது 40 ஏறுகிறது என்றால் உங்கள் உடம்பில் அது வேலை செய்கிறது. 70க்கும் 64க்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். நல்ல மீட்டர்கூட 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம்.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு மூலிகை. இந்த விதியை மட்டும் மீறாதீர்கள்.

நாட்டு மருந்துக் கடைக்குப் போகும்போது

சமையல் பொருளைத் தாண்டி மூலிகைக்குப் போக விரும்பினால் நான் முதலில் கை காட்டுவது சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. பச்சை இலை ஒன்றிரண்டைப் பறித்து நன்றாக மென்று, ஒரு நிமிடம் நாக்கில் புரளவிட்டுத் துப்புங்கள். இப்போது கொஞ்சம் சர்க்கரையை வாயில் போட்டால் மண்ணைத் தின்பது போலிருக்கும், இனிப்பு துளியும் தெரியாது. இலையிலுள்ள ஜிம்னமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணர்வை அடைத்துவிடுவதால் இப்படி. அரை மணி நேரத்துக்கு மேல்கூட இது நீடிக்கும். சாயங்காலம் ஆனால் இனிப்புக்கு நாக்கு அலையும் ஆட்களுக்கு இதுவே பெரிய உதவி.

சென்னையில் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் இதை ஆய்வு செய்து 1990ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேருக்கு, வழக்கமான மாத்திரையோடு சேர்த்து இலைச் சாறுபொருளை நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, ஐந்து பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. சிறிய ஆய்வு, குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரிக்கவில்லை, அதனால் இதை முடிவான ஆதாரமாகக் கொள்ள முடியாது. ஆனாலும் அந்த ஐந்து பேரும் மருத்துவர் கண்காணிப்பில், மாதக்கணக்கில் எண்களைப் பார்த்துப் பார்த்து நிறுத்தியவர்கள் என்பதைக் கவனியுங்கள். சிறுகுறிஞ்சானால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ உடனே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

கடையில் பொடி வாங்கினால் நாக்குச் சோதனையை அங்கேயே செய்யலாம். ஒரு சிட்டிகையை நாக்கில் போட்டு ஒரு நிமிடம் வைத்திருந்து, வாய் கொப்பளித்துவிட்டுச் சர்க்கரை போட்டுப் பாருங்கள். இனித்தால் அது சிறுகுறிஞ்சான் இல்லை, அல்லது வீரியம் போன பழைய சரக்கு. வேலியில் நீங்களே பறிப்பதானால் செடி தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். இதைப் போலவே எதிரெதிர் இலையோடு படரும் நஞ்சறுப்பான் கொடி குடம் குடமாக வாந்தி எடுக்க வைக்கும்.

ஆவாரம்பூ நம் ஊர்க்காரர்களுக்கு மனதுக்கு நெருக்கமான பூ. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று பழமொழியே இருக்கிறது. கொங்குப் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதில் வேப்பிலை, பூளைப்பூவோடு இதுவும் இருக்கும். ஆய்வுகளில் பெரும்பகுதி எலிகளிடம் நடந்தவை, மனித ஆதாரம் குறைவு. ஆனாலும் பால் சர்க்கரை சேர்த்த இரண்டு டீக்குப் பதிலாக ஆவாரம்பூ கொதிக்கவைத்த தண்ணீர் குடித்தால் அதுவே லாபம். ஒரு கைப்பிடி காய்ந்த பூவை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக வற்றவிட்டு வடிகட்டுங்கள். நெடுஞ்சாலை ஓரத்துப் பூ வேண்டாம், புகையும் தூசியும் படிந்திருக்கும். சித்த மருத்துவத்தில் ஆவாரையோடு கொன்றை, நாவல், மருதம், கோரைக்கிழங்கு போன்றவை சேரும் ஆவாரைக் குடிநீர் இருக்கிறது, அதைச் சித்த மருத்துவர் சொல்லும் அளவில் எடுப்பதுதான் முறை.

பொன்குறண்டி என்ற கொடி இலங்கையில் கொத்தல ஹிம்புட்டு என்ற பெயரில் புகழ்பெற்றது. அந்தக் கட்டையைக் குடைந்து குவளை செய்து, இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பார்கள். மாவுச்சத்தை உடைக்கும் நொதியைத் தடுப்பதுதான் இதன் வேலை, அகார்போஸ் என்ற சுகர் மாத்திரையும் இதையேதான் செய்கிறது. அங்கே இதன் தேநீரை வைத்து நடந்த ஆய்வு 2005ல் வெளியானது, மூன்று மாதச் சராசரி குறைந்ததாகச் சொன்னது. வாயுத் தொல்லை வரும். சாப்பாட்டோடு எடுத்தால்தான் பலன் முழுதாகக் கிடைக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாவல் இலைத் தேநீரைப் பிரேசிலில் முறையாகச் சோதித்தார்கள், 2004ல் வெளியான அந்த ஆய்வில் பலனே தெரியவில்லை. நம் ஊரில் எடுப்பது கொட்டைப் பொடி, அதற்கும் உறுதியான மனித ஆதாரம் என்று காட்ட அதிகமில்லை. நர்சரிகளில் விற்கும் இன்சுலின் செடியில் இன்சுலின் கிடையாது. அப்படியே இருந்திருந்தாலும் வயிற்றில் அது செரித்துவிடும், அதனால்தான் இன்சுலினை ஊசியாகப் போடுகிறோம். பட்டையில் இலங்கைப் பட்டைதான் நல்லது, மெல்லிய தாள் போல அடுக்கடுக்காகச் சுருண்டிருக்கும். கடையில் பிரியாணிக்கு என்று கிடைக்கும் தடித்த பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம், தினமும் ஸ்பூன் கணக்கில் எடுத்தால் கல்லீரலுக்கு ஆகாது.

‘21 மூலிகைகள் சேர்ந்த சுகர் பொடி, 48 நாளில் நிரந்தரத் தீர்வு’ என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் வாங்காதீர்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்தை மீறி அட்டையில் அச்சடிக்கிறவர் உள்ளே என்ன போட்டிருப்பார் என்று நம்புவது? மூலிகை என்று விற்ற பொடிகளில் கிளிபென்கிளமைட் மாத்திரையை அரைத்துக் கலந்திருந்ததைப் பல நாடுகளின் சோதனைக்கூடங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. பொடி சாப்பிட்ட இரண்டாம் நாளே சுகர் சரசரவென்று இறங்கினால் மகிழ்ச்சியடைய வேண்டாம், சந்தேகப்படுங்கள். எந்தச் செடியும் அவ்வளவு வேகமாகக் குறைக்காது.

வாங்குவதென்றால் ஒற்றை மூலிகையாக, உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி உள்ளதாக வாங்குங்கள். பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகளைக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு எடுக்கவே கூடாது. ஆலோசனைக்கு பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவரைப் பாருங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு மருத்துவமனை, பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கின்றன. பல அரசு மருத்துவமனைகளிலும் சித்தா பிரிவு உண்டு. நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டு டாக்டர்களும் அதே நோட்டைப் பார்க்கட்டும்.

சுகர் தாழ்ந்தால்

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, அகோரப் பசி, சம்பந்தமில்லாமல் எரிந்து விழுவது, பேச்சுக் குழறல். இதில் எது வந்தாலும் முதலில் மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். குளுக்கோஸ் இல்லாவிட்டால் வீட்டுச் சர்க்கரை போதும், ஆனால் பொன்குறண்டியோ அகார்போஸோ எடுப்பவருக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும். சாதாரணச் சர்க்கரை உடைந்து ரத்தத்தில் சேர்வதை அவை தாமதப்படுத்திவிடும். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். 108க்குக் கூப்பிடுங்கள்.

மீட்டர் கையில் இல்லாவிட்டாலும் அறிகுறி இருந்தால் குளுக்கோஸ் குடித்துவிடலாம், காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பத்தியைக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள். நடு ராத்திரியில் உங்களைக் கவனிக்கப்போவது அவர்கள்தான்.

மூன்று மாதம் கழித்து

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் எச்பிஏ1சியை மூன்று மாதத்துக்கு முன்பு எடுத்துப் பயனில்லை. மூன்று மாதம் முடிந்ததும் எச்பிஏ1சி, கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை மூன்றையும் திரும்ப எடுத்து முதல் பக்கத்து எண்களோடு ஒப்பிடுங்கள். சராசரி குறைந்து, மற்ற இரண்டும் மாறாமல் இருந்தால் தொடரலாம். சராசரி அசையவில்லை என்றால் அந்த மூலிகை உங்களுக்குச் சரிப்படவில்லை, விட்டுவிட்டு இன்னொன்றைப் பாருங்கள், அல்லது மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை தொடர்ந்து 200க்கு மேல் போனாலோ, எடை தானாக இறங்கினாலோ, காலில் புண் ஆறாமல் இருந்தாலோ மூன்று மாதம் வரை காத்திருக்கக் கூடாது. அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

அறுவை சிகிச்சை ஏதாவது நடக்கவிருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லா மூலிகை மருந்துகளையும் நிறுத்திவிட்டு, என்னென்ன எடுத்தீர்கள் என்று மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பல் பிடுங்குவதாக இருந்தாலும் பல் டாக்டரிடம் நோட்டைக் காட்டுங்கள்.